என் லோடர் வாகனம் அல்ல

உயிரே போனாலும் என் லோடருக்குச் சாலை வரி கட்டமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு கன்னம் மட்டும் சவரம் முடிந்திருந்த நிலையில், நான் சபதம் எடுத்தேன். மறு கன்னம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. நோட்டீஸ் அப்போதுதான் வந்திருந்தது.

சமையலறையில் இருந்த மனைவியின் காதில் விழவேண்டும் என்பதற்காகச் சபதத்தைக் கொஞ்சம் உரக்கவே எடுத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். "நுரை சட்டையில சொட்டுது" என்றாள். என் வாழ்க்கையின் பெரிய தருணங்களுக்கெல்லாம் அவளிடமிருந்து இந்த அளவுக்குத்தான் கைதட்டல் கிடைத்திருக்கிறது.

லோடர் என்றால் சின்னச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு மாடி வீடு நகர்ந்து வருவதுபோல இருக்கும். ஒரு டயருக்குப் பின்னால் நான் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். முன்னால் இருக்கும் பக்கெட்டில் ஒரு குடும்பமே காலை நீட்டிப் படுக்கலாம். அது ஒரு கல் குவாரியில் வேலை செய்தது. வெடி வைத்துப் பெயர்த்த கல்லை அள்ளி லாரியில் கொட்டும். திரும்பிப் போய் மறுபடியும் அள்ளும். குவாரிக்குள் நுழைந்த நாளிலிருந்து அது கேட்டைத் தாண்டியதே இல்லை. ஓட்டுவது ரிவர்ஸ். அது அவன் பட்டப்பெயர். பின்பக்கமாகப் போவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

லோடருக்குச் சொந்தக்காரன் நான். வாங்கிய பணம் மனைவியுடையது. அவளுடைய அப்பா வீட்டை விற்றபோது வந்த பங்கு. உன் பேரில் இருந்தாலென்ன, என் பேரில் இருந்தாலென்ன, ஒரே குடும்பம்தானே என்று சொல்லி என் பேரில் வாங்கினேன். அவளும் அதையேதான் கேட்டாள், என் பேரில் இருந்தாலென்ன என்று. அவள் அதைக் கேள்வியாகக் கேட்டாள். நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கும் அதே குவாரியில்தான் வேலை, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எடை மேடையில். லாரி மேலே ஏறி நிற்கும், அவள் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பாள். எடை போடுவது அவள் தொழில். என்னை எடை போட்டு முடித்து ரொம்ப காலம் ஆகிறது. சீட்டை மட்டும் என்னிடம் காட்டவில்லை.

நோட்டீஸில் போக்குவரத்து அலுவலகம் சொல்லியிருந்தது இதுதான். டயரில் ஓடுகிற கனரக எந்திரங்கள் எல்லாம் மோட்டார் வாகனங்கள். ஆகவே பதிவு செய்யவேண்டும், நம்பர் பிளேட் மாட்டவேண்டும், சாலை வரி கட்டவேண்டும். வரி என்ற சொல்லைப் படித்ததுமே என் நெற்றியில் நாலைந்து வரிகள் விழுந்தன. அதற்கே தனியாக ஏதாவது கட்டச் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது.

என் வாதம் எளிமையானது. சாலை வரி சாலைக்காக. என் லோடர் சாலையைப் பார்த்ததே இல்லை. தியேட்டர் பக்கமே போகாதவனிடம் டிக்கெட் எங்கே என்று கேட்கலாமா? சக்கரம் இருப்பதெல்லாம் வாகனம் என்றால் குழந்தை நடைபழகும் வண்டிக்கும் வரி போடுங்கள், நான் உட்காரும் நாற்காலிக்கும் போடுங்கள். இதைச் சாப்பிடும்போது மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன்.

"டயர் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"ஸ்டியரிங், ஹாரன், லைட்டு?"

"இருக்கு."

"டிரைவர் சீட்டு?"

"அது டிரைவர் சீட்டு இல்ல. ஆபரேட்டர் சீட்டு."

"அப்ப அது என்னங்க, பீரோவா?"

அது எந்திரம் என்றேன். அவள் அடுப்பு மேடையில் இருக்கும் மிக்ஸியைப் போல. மிக்ஸியில் யாரும் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பதில்லையே என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு இறங்கியது.

அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னாள். கொஞ்ச நாளாகவே லாரியில் கல்லைவிட மண்தான் அதிகமாக வருகிறதாம். வாங்குகிறவர்கள் சண்டை போடுகிறார்களாம். குவாரியில் கல் முடிந்துகொண்டிருக்கிறது, இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு லோடரை வெளியே கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும், பேசாமல் பதிவு செய்துவிடலாம் என்றாள். எடையை நீ போடு, யோசனையை நான் போடுகிறேன் என்று சொன்னேன். நன்றாகச் சொன்னோம் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

குவாரியில் என்னைப் போல இன்னும் சில எந்திர முதலாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. டீக்கடையில் கூடினோம். நான் பேசினேன். வேறு யாரும் பேசாததால் நானே தலைவன் ஆனேன். நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால நிக்கறோம் என்றார்கள். எவ்வளவு பின்னால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நோட்டீஸை எதிர்த்து மனு கொடுத்தேன். விசாரணை நாளன்று போக்குவரத்து அதிகாரியின் அறையில் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசை பெஞ்சில் என் மனைவி மட்டும் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். துணைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துகூடப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் ஆபத்து. கத்துகிற அதிகாரியாக இருந்தால் நான் பயந்து குறைவாகப் பேசியிருப்பேன். இவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என் சினிமா டிக்கெட், நாற்காலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை என்றார். வளாகத்துக்குள்ளேயே கிடந்தால் அது எந்திரம். வெளியே வந்தால் வாகனம். எப்போதாவது வெளியே வருமா என்று கேட்டார்.

"வராது சார்."

"குவாரிய மூடிட்டா?"

"அப்பவும் வராது."

"டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோக வேண்டியிருந்தா?"

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் இருமியிருப்பான், தண்ணீர் கேட்டிருப்பான். ஆனால் பக்கத்து மேசைகளில் குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எனக்கு இப்படி ஒரு சபை அமைந்ததே இல்லை.

"சார், அது தன் சக்கரத்துலயும் வராது, இன்னொருத்தன் முதுகுலயும் வராது. என் கையில இருக்கிறவரைக்கும் அந்தக் கேட்டைத் தாண்டாது. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார், பிறகு பின்பெஞ்சைப் பார்த்தார். வேண்டுமானால் ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. இந்த உரிமையாளரின் கையில் இருக்கும்வரை இந்த லோடர் மோட்டார் வாகனம் அல்ல, வரி இல்லை. ஆனால் எந்த வகையிலாவது கேட்டுக்கு வெளியே வந்தால், வாங்கிய நாளிலிருந்தே அது வாகனம்; அன்றுமுதல் வரியும் அதற்கு மேல் அபராதமும் கட்டவேண்டும். நிபந்தனையைக் கேட்டதும் மற்ற முதலாளிகள் சத்தமில்லாமல் போய்த் தவணையில் வரியைக் கட்டிவிட்டு நம்பர் பிளேட்டோடு வந்தார்கள். அந்தப் பிளேட்டுகளைக் கடக்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடந்தேன்.

வீட்டில் உத்தரவை நின்றுகொண்டே வாசித்துக் காட்டினேன். இனிமேல் அது வெளியே வரவே முடியாதா என்று மட்டும் அவள் கேட்டாள். அதற்கு வெளியே என்ன வேலை என்றேன்.

"சரி" என்றாள்.

என் மனைவியின் 'சரி'யில் பல ரகம் உண்டு. கோபச் சரி, அலுப்புச் சரி, விருந்தாளி முன்னால் சொல்லும் சரி. எல்லாம் எனக்கு அத்துபடி. இந்தச் சரி எந்த ரகத்திலும் சேரவில்லை. காலி லாரி எடை மேடையில் ஏறியதுபோல இருந்தது.

மழைக்காலம் முடிந்த கையோடு குவாரியில் ஒரு வெடி வைத்தார்கள். கல் வரவில்லை. தண்ணீர் வந்தது. அடியில் ஏதோ ஊற்று திறந்துகொண்டது. வாரக் கணக்கில் மோட்டார் போட்டு இறைத்தும் குழியில் மட்டம் ஏறிக்கொண்டேதான் போனது. குவாரி முதலாளி வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், மூடிவிட்டார். ஊருக்கு வெளியே புதிதாகப் பைபாஸ் சாலை போட ஆரம்பித்திருந்தார்கள். நம்பர் பிளேட் மாட்டிய எந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டி அந்த வேலைக்குப் போயின. கடைசி எந்திரம் போனபோது அதன் முதலாளி என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். வேறு என்ன செய்வது?

என் லோடர் மட்டும் தண்ணீரின் ஓரத்தில் நின்றது. தண்ணீர் நாளுக்கு நாள் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் நிழலில் உட்கார்ந்து போனில் படம் பார்த்தான். கொஞ்ச நாள் கழித்துச் சம்பளம் எப்போது என்று கேட்டான். எடை மேடையையும் மூடிவிட்டதால் மனைவிக்கும் வேலை போயிருந்தது.

அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். உத்தரவைத் தன்னால் மாற்ற முடியாது, வெளியே வந்தால் முழு வரியும் அபராதமும்தான் என்றார். லோடரை விற்றுவிடலாம் என்று ஆள் கூட்டிவந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் என் கதை முன்பே தெரிந்திருந்தது. மாட்டிக்கொண்டு முழிப்பவனிடம் யார் நியாய விலை பேசுவார்கள்? ஒருவர் பக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய இரும்பு விலைக்கு என்றால் பேசலாம் என்றார்.

வீடு அமைதியாகிவிட்டது. நான் எதிர்பார்த்தது சண்டை. அன்னிக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டு பேருக்கும் மனசு லேசாகியிருக்கும். அவள் சொல்லவில்லை. டீயைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள், தம்ளர் சத்தம் கேட்கும், போய்விடுவாள். பகலில் வேலை தேடுகிறேன் என்று வெளியே போய்வந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்ற சந்தேகம் அப்போதுதான் முதன்முதலாக எனக்கு வந்தது. வந்த சந்தேகம் அரை மணி நேரம்கூடத் தங்கவில்லை. அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

உத்தரவை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். 'இந்த உரிமையாளரின் கையில் இருக்கும்வரை.' அந்த இடத்தில் கண் நின்றது. கை மாறினால்? உரிமையாளர் மாறினால் என் வாக்கு செத்தது, உத்தரவும் செத்தது. புது உரிமையாளர் புதிதாகப் பதிவு செய்து, இனிமேல் வரும் வரியை மட்டும் கட்டிவிட்டு, ராஜநடை போட்டு வெளியே கொண்டுவரலாம். வெளியே வந்ததும் திரும்ப என் பேருக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. நம்பிக்கையான ஆள்தான் வேண்டும், வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆள்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு சட்டையின் கையை நீவி நீவி மடித்தாள். எனக்கு எதுக்குங்க அந்தத் தொல்லை என்றாள். கெஞ்சினேன். என் பேர்ல வந்தா வரி கட்டணுமே, உங்க சபதம் என்ன ஆறது என்றாள். கட்டப்போவது நீ, நான் இல்லை, சபதம் பத்திரமாக இருக்கும் என்றேன். எனக்கே அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

"திருப்பி உங்க பேருக்கு எப்ப மாத்திக்குவீங்க?"

"வெளிய வந்த மறுநாளே."

"முடியும்னா மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

அந்த 'முடியும்னா' என் காதில் விழுந்தது. மூளைக்குப் போய்ச் சேரத்தான் நாளானது.

போக்குவரத்து அலுவலகத்தில் அதே அதிகாரி. இது உங்கள் விருப்பத்தோடுதான் நடக்கிறதா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "அன்னைக்கு வந்து கேட்டீங்களே, அந்தக் கையெழுத்து இந்த இடத்துலம்மா" என்றார். விசாரணை நாளில் அவள் ஏதோ வழி கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் வழி கேட்கத்தான் போயிருக்கிறாள். விசாரணை நாளில் அல்ல. வேலை தேடுகிறேன் என்று போன ஒரு நாளில்.

வரியைக் கட்டினாள். பணம் ஏது என்று கேட்டேன். "இருந்தது" என்றாள். நம்பர் பிளேட் வந்தது. ரிவர்ஸ் அதை முன்னாலும் பின்னாலும் மாட்டி, துணியால் துடைத்து, தள்ளி நின்று பார்த்தான். பைபாஸ் வேலையில் லோடருக்கு ஒப்பந்தமும் அவள் பேரிலேயே வாங்கியாகிவிட்டது என்று அவன் வாயால்தான் தெரிந்தது. எடை மேடைக்கு வந்துபோன லாரிக்காரர்கள் மூலம் எப்போதோ பேசி முடித்திருக்கிறாள். நல்லதாகப் போயிற்று, ஒப்பந்தத்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

லோடர் வெளியே வருவதற்கு முந்தின சாயங்காலம், இப்போதே மாற்றல் மனுவில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடு, வெளியே வந்ததும் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போடறேன். ஆனா உங்க கைக்கு வந்த நிமிஷம் அந்தப் பழைய உத்தரவு எழுந்து உக்காந்துரும். நீங்க வாக்குக் கொடுத்த லோடர், நீங்க வாக்குக் கொடுத்த ஆளு. அது வெளிய நிக்கும். வாங்கின நாள்லேர்ந்து வரி, அபராதம், எல்லாம் உங்க தலையில. வேணாம்னா திரும்ப உள்ள கொண்டுபோய்த் தண்ணி ஓரமா நிறுத்தணும். எது வேணும், சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன்."

"யார் சொன்னது?"

"அதிகாரிதான். கேட்டுக்கிட்டுதான் சம்மதிச்சேன்."

எல்லாவற்றையும் முதலிலிருந்தே திட்டம் போட்டு வைத்திருக்கிறாய் என்றேன்.

"நான் எந்தத் திட்டமும் போடல. நீங்க பேசும்போது குறுக்க பேசல. அவ்வளவுதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்கேயாவது பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். டிரெய்லர்ல ஏத்திக்கூடக் கொண்டுவர மாட்டேன்னு நீங்க சொன்னப்ப எழுந்து வந்து உங்க வாயப் பொத்தலாம்னு நினைச்சேன், பாதி எழுந்துகூட விட்டேன், அதிகாரி அதைத்தான் பார்த்தார் என்றாள். அப்புறம் ஏன் உட்கார்ந்துவிட்டாய் என்று கேட்டேன். எழுந்து பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வரிய மிச்சம் பண்ணிட்டோம்னு குதிச்சீங்க. நீங்க மிச்சம் பண்ணல. ரோட்டை விட்டுக் கொடுத்தீங்க. நமக்கு இருந்தது அந்த லோடர் ஒண்ணுதான், அதையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்து வீட்ல நின்னுக்கிட்டுப் படிச்சுக் காட்டினீங்க."

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சட்டத்தில் ஓட்டை தேடினேன். தேடத் தேட எல்லா ஓட்டையையும் நானே நின்று அடைத்திருப்பது தெரிந்தது. உலகத்திலேயே அந்த லோடரைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாத ஒரே மனிதன் நான்தான். அது என் வெற்றியின் பலன்.

சாப்பாட்டைப் போட்டுவிட்டு அவள் வேலை விஷயம் பேசினாள். சாலையில் போகும்போது கனரக எந்திரத்துக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து ஒரு ஆள் நடக்கவேண்டுமாம், பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வெளியாளைப் போட்டால் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். நீங்க சும்மாதானே இருக்கீங்க என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சாலை வரி கட்டியாகிவிட்டது, சாலையில் நடப்பதற்கு ஆள் வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை. சரி என்றேன். அது எந்த ரகத்துச் சரி என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் லோடர் எடை மேடையைக் கடந்து கேட்டுக்கு வெளியே வந்தது. சக்கரம் தாரில் ஏறியபோது என் காலுக்கடியில் சாலை அதிர்ந்தது. கையில் கொடியோடு நான் முன்னால் நடந்தேன். பின்னால் பஸ், அதற்குப் பின்னால் லாரிகள், எல்லாம் ஹாரன் அடித்தன. டீக்கடையில் பழைய முதலாளிகள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பாமல், பெரிய ஊர்வலத்தைத் தலைமை தாங்கி நடத்துபவனைப்போலக் கொடியை உயர்த்திப் பிடித்து நிதானமாக நடந்தேன்.

எனக்குப் பின்னால் லோடர் வேகத்தைக் குறைத்தது. மாடி உயரத்திலிருந்து ரிவர்ஸ் தலையை வெளியே நீட்டினான். அவனுக்குப் பக்கத்தில் என் மனைவி கைப்பையை மடியில் வைத்து நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஓனரம்மா கொஞ்சம் எட்டி நடக்கச் சொல்றாங்க."